துவைக்காத பாவாடை

துப்பிசா,
8 மார்ச் 1987

என் அன்பு மருமகள் நிகொலாசாவுக்கு,

உன் தாய்மாமன் எவரிஸ்தோ எழுதுவது. நான் நலம். உன் அத்தை திமோத்தியா நலம், அவள் வாய் அதைவிட நலம். என் லாரி 'விடிவெள்ளி'யும் நலம். பின்சக்கரம் ஒன்று மட்டும் ஏற்றத்தில் முணுமுணுக்கிறது.

நீயும் மாப்பிள்ளை ரெனேயும் நம் குட்டிப்பயல் தாமியானும் புவனோஸ் ஐரெஸ் போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி எழுதக் கூடாதா? ஆறாம் வகுப்புவரை உன்னைப் படிக்கவைத்தது எதற்கு? என் எழுத்தைப் பார், எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று. மூன்றாம் வகுப்பில் மட்டும் மூன்று வருடம் படித்தவன் நான். அந்த வகுப்பை என்னளவுக்குக் கரைத்துக் குடித்தவன் இந்த வட்டாரத்திலேயே கிடையாது.

உங்களை எல்லைவரை கொண்டுவிட்ட அந்த நாளைப் பற்றித்தான் சந்தையில் இன்னும் பேச்சு. பேசுகிறவன் நான்தான் என்றாலும் கேட்கிறவர்கள் குறையவில்லை. கழுகுக்கல் கணவாயில் விழுந்த ஆலங்கட்டி கோழிமுட்டை அளவு என்றுதான் முதலில் சொன்னேன். இப்போது அது வான்கோழி முட்டையாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை தீக்கோழி முட்டையை எட்டப்போன நேரத்தில் உன் அத்தை வந்துவிட்டாள். உச்சியில் வழிப்போக்கர்கள் கல் வைத்து வணங்கும் கற்குவியலின்மேல் இடி இறங்கியதும், விடிவெள்ளி முன்னங்கால் தூக்கிய குதிரைபோல எழுந்து நின்றதும், நான் அதன் கழுத்தைத் தட்டி அடக்கியதும் நீ கண்ணால் பார்த்தவை. யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்.

உன் அத்தை முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இடி விழுந்தப்போ பிள்ளை பயந்துச்சா?"

"ஒரு கத்து கத்தினான். அப்புறம் கப்சிப். வீரன்! என் ரத்தம்."

"அங்கேருந்து கிளம்பும்போது அவ இறங்கி அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாளா? வா, போகலாம், இங்க நிக்காதேன்னு?"

"அதெல்லாம் யாரு கவனிச்சா? ஆறு மணிக்கு எல்லையில கதவ மூடிடுவான். நான் ஹாரன் அடிச்சேன், மாப்பிள்ளை அவசரப்படுத்தினாரு, வந்துட்டோம்."

அதிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதனால் வீட்டில் நல்ல அமைதி. இருந்தாலும் நீ கூப்பிட்டாயா இல்லையா என்று எழுது.

இன்னொன்று. நகரத்துக்காரிபோல் போக வேண்டும் என்று மாப்பிள்ளை சொன்னதால் அவிழ்த்து வைத்துப்போனாயே, அந்தப் பச்சைப் பாவாடை, அது இங்கே ஆணியில் தொங்குகிறது. மடியெல்லாம் பால் கறை. துவைத்து மடித்து வையேன் என்றேன். "பால் குடுக்குறவ விட்டுட்டுப் போன பாவாடைய அவ வந்து சேர்ற வரைக்கும் யாராச்சும் துவைப்பாங்களா? அறிவு இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். நம்பவில்லை.

ஆசிகளுடன்,
உன் மாமன்,
எவரிஸ்தோ
(கணவாய்களின் ராஜா என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள், நானாக எழுதுவதில்லை)


புவனோஸ் ஐரெஸ்,
2 ஏப்ரல் 1987

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். சேர்ந்துவிட்டோம். உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். இங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது நாள் முடிந்துவிடுகிறது.

ரெனேயின் அக்கா ஒல்காவின் வீட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். ரெனே கட்டட வேலைக்குப் போகிறார். நான் அதே வீட்டில் நாத்தனார் நடத்தும் தையல் பட்டறையில் தைக்கிறேன். காற்சட்டைக்குப் பை வைப்பது என் வேலை. அறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது, தெருவைப் பார்த்தபடி. போகிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்ப்பதால் என் முதுகுத்துணியைத் திரையாகக் கட்டிவிட்டேன். இங்கே யாரும் பிள்ளையை முதுகில் கட்டுவதில்லை. மூட்டை தூக்குகிற மாதிரி இருக்கிறது என்று நாத்தனார் சொன்னார். துணி வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் மெத்தை போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பிள்ளை நலம்தான். அழுவதே இல்லை. பசித்தாலும் அழுவதில்லை. இப்படி ஒரு சமர்த்துப் பிள்ளையைப் பார்த்ததில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். கண்ணைப் பாதி திறந்துகொண்டு தூங்குகிறான். கதவு சாத்தினால் உடம்பு தூக்கிப்போடும், ஆனால் சத்தம் வராது. ஊரில் பாத்திரத்தைத் தட்டினாலே சிரிப்பானே, அது இல்லை. ஆஸ்பத்திரியில் காட்டினோம். எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி ஒன்றுமில்லை என்றார்கள். தைக்கும்போது பால் கொடுக்க முடியாததால் புட்டி பழக்கியிருக்கிறேன்.

இங்கே எல்லாரும் அவனைத் தானி என்று கூப்பிடுகிறார்கள். நம் பாஷையில் பேசினால் பின்னால் பள்ளியில் நாக்கு திரும்பாது என்று நாத்தனார் சொல்வதால் பேசுவதில்லை. இந்த ஊர்ப் பாஷை எனக்குக் குழந்தையிடம் பேசுகிற அளவுக்கு வராது. அதனால் பெரும்பாலும் சும்மா இருக்கிறேன்.

அத்தை கேட்டதற்குப் பதில்: கூப்பிடவில்லை. இறங்கத்தான் போனேன், ஒரு கால் லாரிப் படியில் வைத்துவிட்டேன். "இங்கயே ஆரம்பிச்சிட்டியா? அங்க போயும் இப்படிப் பண்ணினா ஊரே சிரிக்கும்" என்றார் ரெனே. ஹாரனும் கேட்டது. காலை எடுத்துக்கொண்டேன்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கள் மருமகள்,
நிகொலாசா


துப்பிசா,
26 ஏப்ரல் 1987

என் அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. சந்தையில் நின்று உரக்கப் படித்தேன். நீங்கள் இருக்கிற வீட்டுக்கு நான் இரண்டு மாடி சேர்த்துவிட்டேன். யாராவது ஊரிலிருந்து வந்தால் பார்த்துச் சமாளி.

பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மனிதனுக்குப் பெரிய உயிர் ஒன்று, சின்ன உயிர் ஒன்று. பெரியது போனால் கல்லறைதான். சின்னது அப்படியல்ல, வாசல்வரை போய்விட்டு வரும், பயந்தால் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். பால்குடிப் பிள்ளைக்கு அது இன்னும் உடம்போடு ஒட்டியிருக்காது, பச்சைக் களிமண்ணில் வைத்த கைப்பிடி மாதிரி. ஆஸ்பத்திரிக்காரர்கள் பெரிய உயிரைத்தான் நிறுத்துப் பார்ப்பார்கள். சின்னதற்கு அவர்களிடம் தராசு கிடையாது. ஆக, தாமியானின் சின்ன உயிர் கழுகுக்கல் கணவாயில், அந்தக் கற்குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து விரல் சூப்பிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். போய் அழைத்துவர வேண்டியதுதான்.

யார் போவது? வாரம் தவறாமல் அந்தக் கணவாயைத் தாண்டுகிறவன் யார்? என் குரல் என்ன சாதாரணக் குரலா? ஒருமுறை அங்கே நின்று தும்மினேன், கீழே ஊரில் பாதிரியார் "ஆண்டவர் காப்பாராக" என்றார்.

இதை எழுதும்போதே உன் அத்தை தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நான் எழுதும்போது என் உதடு அசையுமாம், அதைப் படித்துவிடுவாளாம்.

"ஆம்பளை கூப்பிட்டா உசிர் வருமா? அது என்ன, வழியில நின்ன லாரியா, கயிறு கட்டி இழுத்துட்டு வர?"

"பின்ன யாரு கூப்பிடுறது?"

"பெத்தவ கூப்பிடணும்யா. நீ போடுற சத்தத்துக்கு அது இன்னும் நாலு மலை தாண்டி ஓடும்."

பெற்றவள் அங்கே இருக்கிறாள், கணவாய் இங்கே இருக்கிறது என்றேன். அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள். நான் ஜெயித்த வாக்குவாதங்களில் இதுவும் ஒன்று என்று குறித்துக்கொள்.

பிள்ளை போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று அனுப்பு. சட்டையைக் காட்டிக் கூப்பிட்டால்தான் தன் வீடு எது என்று அதற்குத் தெரியும். பேருந்து ஓட்டுநர் லௌரோவிடம் கொடுத்தால் போதும். அவன் எனக்குக் கடமைப்பட்டவன். அவனுக்குத் திருப்பத்தில் வண்டி ஒடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்.

உன் மாமன்,
எவரிஸ்தோ


புவனோஸ் ஐரெஸ்,
19 மே 1987

அன்புள்ள மாமாவுக்கு,

சட்டை அனுப்பியிருக்கிறேன். ஊரிலிருந்து வரும்போது போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டைதான். எல்லையில் பிரித்துப் பார்ப்பார்கள் என்றார்கள். நம்மைப் பற்றி மட்டமாக நினைக்கக் கூடாது என்று நன்றாகத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

நானே வரலாம் என்று நினைத்தேன். எங்களுக்கு இன்னும் தங்கும் அனுமதி வரவில்லை. வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்கிறார் ரெனே. இதைச் சொன்னபோது அவர் கோபமாக இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பால் நின்றுவிட்டது. புட்டியில் பாதிதான் குடிக்கிறான். நான் எதிரே உட்கார்ந்தால் எனக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிறான். அங்கே ஒன்றும் இல்லை. நானும் திரும்பிப் பார்த்தேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

தங்கள் மருமகள்,
நிகொலாசா


துப்பிசா,
21 ஜூன் 1987

என் அன்பு மருமகளுக்கு, வெற்றி! வெற்றி!

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

இலை அசையாத, கண்ணாடிபோல் தெளிந்த ஒரு காலையில் விடிவெள்ளியைக் கணவாயில் நிறுத்தினேன். பின்னால் ஒரு கல்யாணக் கூட்டம், யாழ்க்காரன், மணப்பெண், சோளக்கள் பானை எல்லாம் இருந்தது. எல்லாரையும் இறக்கினேன். "யாரும் பேசாதீங்க, வாயைத் திறந்தா நடந்துதான் போகணும்" என்றேன். பூமித்தாய்க்குக் கோகா இலை வைத்து, கள்ளைத் தெளித்து, சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, ஒரே ஒரு தரம்: "தாமியான்!"

மலை அதிர்ந்தது. கல்யாணக் கூட்டம் மொத்தமும் சேர்ந்து கூப்பிட்டது. யாழ்க்காரன் கம்பியில் கூப்பிட்டான். அப்போது வந்ததே ஒரு பெருங்கழுகு! எங்கள் தலைக்குமேல் வந்து, மரியாதைக்கு ஒரு சிறகை மடித்துக் காட்டிவிட்டுப் போனது. அடுத்த நொடி குபீரென்று காற்று. சட்டை உப்பிக்கொண்டது, உள்ளே யாரோ கைவிட்டுப் போட்டுக்கொண்ட மாதிரி, இரண்டு கையும் வயிறுமாக. சட்டென்று சுருட்டிக் கட்டி, ஓட்டுநர் பெட்டியில் மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். ஒரு துளி உயிர்கூடச் சிந்தவில்லை.

இதோ அதே சட்டை, லௌரோ கையில். பிரித்த உடனே பிள்ளைக்குப் போட்டுவிடு. ஜன்னல்களை மூடிக்கொண்டு பிரி. அன்று சாயங்காலமே சிரிப்பான், இல்லாவிட்டால் என் பெயர் எவரிஸ்தோ இல்லை.

உன் அத்தை சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இதுல என்ன இருக்கு? வெறும் சோப்பு. பிள்ளை வாசனையும் இல்ல, அம்மா வாசனையும் இல்ல. இதப் பார்த்து எந்த உசிர் தன் வீடுன்னு நம்பும்?"

"கழுகே நம்பிருச்சு, உனக்கு என்ன?"

"எந்தக் கழுகு?" என்றாள்.

பொறாமை. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உன் மாமன்,
எவரிஸ்தோ


புவனோஸ் ஐரெஸ்,
15 ஜூலை 1987

அன்புள்ள மாமாவுக்கு,

சட்டை வந்தது. நீங்கள் சொன்னபடி ஜன்னலை மூடிப் பிரித்தேன். போட்டுவிட்டேன். சரியாக இருந்தது. ஐந்தாம் மாதத்தில் தைத்தது, பத்தாம் மாதத்திலும் சரியாக இருக்கிறது.

சிரிக்கவில்லை. புட்டியை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளுகிறான். மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். உடம்பில் குற்றம் இல்லை, ஆனால் இப்படியே போனால் நிலைக்காது என்று அங்கிருந்த பெரிய டாக்டர் சொன்னார். நல்ல மனிதர். பிள்ளையோடு பேசுங்கள் என்றார். என்ன பேசுவது என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மாமா, சட்டையைக் கொண்டுவந்த லௌரோ எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்கக் கழுகுக்கல் கணவாய் பனியில் மூடிக் கிடந்தது, வண்டிகள் எல்லாம் ஆற்றுப் பாதையில்தான் சுற்றி வந்தன என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நீங்கள் இலை அசையாத காலை என்று எழுதியிருந்தீர்கள். கணவாயில் மரமே கிடையாது.

எனக்குக் கோபம் இல்லை. சின்ன வயதில் நீங்கள் சொல்கிற கதைகளைக் கேட்டுத்தான் நானும் சிரிக்கப் படித்தேன். ஆனால் இந்த ஒரு தடவை எனக்கு ஒன்றும் சேர்க்காத கடிதம் ஒன்று எழுதுங்கள். என்ன நடந்ததோ அது மட்டும்.

நிகொலாசா


துப்பிசா,
23 ஆகஸ்ட் 1987

நிகொலாசா,

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பகுதியை விட்டுவிட்டேன். "இன்னும் இருக்கு. உன் மூஞ்சியில தெரியுது, படி" என்றாள். படித்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. அடுப்பை அணைத்தாள். ஆணியிலிருந்து உன் பாவாடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "வண்டிய எடு, நானும் வர்றேன்" என்றாள்.

உனக்குத் தெரியும், லாரியில் ஏறினால் அவளுக்கு வாந்தி. எங்கள் கல்யாணத்துக்கே நடந்து வந்தவள். வழி முழுக்க வாந்தி எடுத்தாள். நிறுத்தச் சொல்லவில்லை.

பனி கரைந்திருந்தது. பாதை திறந்திருந்தது. போன தடவை நான் கீழ் வளைவில் நின்றுதான் கூப்பிட்டேன். கூட யாரும் இல்லை. அதைப் பற்றி எழுத அவ்வளவுதான்.

கணவாயில் வேறு வண்டி இல்லை. ஆகஸ்ட் மாதம், பூமித்தாய் வாய் திறந்திருக்கிற மாதம் என்று அத்தை இலையும் மிட்டாயும் கள்ளும் கொண்டுவந்திருந்தாள். கற்குவியலின் அடியில் வைத்தாள். என்னைக் கூப்பிடச் சொன்னாள். தாமியான் என்று கூப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். போதும் என்றாள்.

பிறகு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, உன் கடிதங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். சட்டைப்பையில்தான் வைத்திருந்தேன். படித்தேன். காற்றில் தாள் மடங்கியது. அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல பிள்ளை பேர் எங்க வருது?" என்று கேட்டாள்.

தேடினேன். பிள்ளை என்று இருந்தது. அவன் என்று இருந்தது. "தானின்னு ஒரு இடத்துல இருக்கு" என்றேன்.

"அது அவ நாத்தனா வச்சது. அவ வச்ச பேரு எங்க?"

"இல்ல."

"கால் வச்சேன்னு எழுதியிருந்தாளே, அத இன்னொரு தரம் படி."

படித்தேன். லாரிப் படியில் ஒரு கால் வைத்ததும், காலை எடுத்துக்கொண்டதும்.

அவள் தாளை வாங்கி மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் என்னுடையது இல்லை.

"பிள்ளை இங்க இல்லய்யா. பிள்ளை உசிர் எங்கயும் தனியா நிக்காது, அம்மா வாசனை போற பக்கம் அதுபாட்டுக்குப் போயிரும். அது அன்னிக்கே அவ பின்னாடி போயிருக்கும். போய்ப் பார்த்தா அங்க அம்மா இல்ல. பாவாடையும் இல்ல, பாட்டும் இல்ல, முதுகும் இல்ல, பேச்சும் இல்ல. ஒரு பொம்பள உக்காந்து பை தைக்கிறா. அதான் சுவரப் பார்க்குது, அம்மா எங்கன்னு. இறங்க நினைச்சு இறங்காம போனவதான் இங்க நின்னுட்டா. அந்த ஒத்தக் கால் இன்னும் இங்கதான் நிக்குது."

"உசிர் ரெண்டு பேருக்கும் தனித்தனிதானே?" என்று கேட்டேன்.

"யார் சொன்னா? பிள்ளை எழுந்து நடக்குற வரைக்கும் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணுதான். ஒரே போர்வைக்குள்ள ரெண்டு பேர் படுத்த மாதிரி. ஒருத்தர் எழுந்து போனா மத்தவருக்கும் குளிரத்தான் செய்யும். இத்தன நாளா பேர மாத்திக் கூப்பிட்டிருக்க."

பிள்ளை பெறாத அவளுக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பாவாடையைக் கற்களின்மேல் விரித்தாள். பால் கறை மேலே தெரியும்படி. "நிகொலாசா, வாம்மா. போகலாம் வா. இங்க நிக்காதே. உன் பிள்ளை அங்க தனியா இருக்கு" என்று கூப்பிட்டாள். நம் பாஷையில், சமையல்கட்டிலிருந்து கூப்பிடுகிற குரலில், சத்தமில்லாமல். என்னையும் கூப்பிடச் சொன்னாள். நானும் கூப்பிட்டேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரவில்லை.

கழுகு வரவில்லை. காற்று அடித்தது; அது அங்கே எப்போதும் அடிக்கும். பாவாடை கொஞ்சம் அசைந்தது.

அத்தை அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இறங்குகிற வழியெல்லாம் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிற மாதிரி அதனோடு பேசிக்கொண்டே வந்தாள். ஆடு குட்டி போட்டது, மாதா கோயில் சுவர் இடிந்தது, எல்லாம் சொன்னாள். ஒவ்வொரு வளைவிலும் உன் பெயரைச் சொல்லி, வர்றியா என்று கேட்டுக்கொண்டாள். திரும்பும்போது அவளுக்கு வாந்தி வரவில்லை. அதற்கு நான் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஹாரனை அன்று நான் தொடவில்லை.

பாவாடையை லௌரோவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். துவைக்கவில்லை. எல்லையில் யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். அதை உடுத்திக்கொண்டு பிள்ளையைக் கூப்பிடு என்கிறாள் அத்தை. அவன் பெயரைச் சொல்லி, உன் வாயால், நம் பாஷையில்.

எவரிஸ்தோ


புவனோஸ் ஐரெஸ்,
4 அக்டோபர் 1987

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

பொட்டலம் ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தது. நான் பை தைத்துக்கொண்டிருந்தேன். பிரித்ததும் அடுப்புப் புகை, ஆட்டுக் கொழுப்பு, புளித்த பால் எல்லாம் சேர்ந்து வந்தது. "என்ன நாத்தம் இது! தூக்கி வெளிய வை" என்றார் நாத்தனார். நான் எழுந்து அறைக்குப் போய் அதை உடுத்திக்கொண்டேன். இடுப்பில் கொஞ்சம் தளர்ந்திருந்தது. முடிச்சை இறுக்கினேன்.

பிறகு ஜன்னலில் கட்டியிருந்த முதுகுத்துணியை அவிழ்த்தேன். அறை முழுக்க வெயில் வந்தது. தெருவில் போகிற ஒருவர் நின்று பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அத்தை சொன்னபடி கூப்பிட்டேன்.

தாமியான், வா. போகலாம் வா. அங்கே நிற்காதே. அம்மா வந்துவிட்டேன்.

நம் பாஷையில் எனக்கே என் குரல் கேட்டு மாதக்கணக்காகிறது. முதலில் சரியாக வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவன் சுவரிலிருந்து கண்ணை எடுத்தான். என் வாயைப் பார்த்தான். பிறகு பாவாடையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

அழுதான், மாமா.

பிறந்த அன்று அழுதானே, அப்படி. முகமெல்லாம் சிவந்து, கையைக் காலை உதைத்து, மூச்சு வாங்கி மறுபடியும் அழுதான். தையல் எந்திரங்கள் எல்லாம் நின்றுவிட்டன. நாத்தனார் ஓடிவந்தார்.

"பிள்ளைய என்ன பண்ணுன?"

"கூப்பிட்டேன்" என்றேன்.

முதுகில் கட்டிக்கொண்டேன். கழுத்தோரம் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு வலித்தது. விடச் சொல்லவில்லை. ரெனேக்கு அன்று அரைநாள் வேலை. தெருமுனையிலேயே கேட்டிருக்கிறது. ஓடிவந்து வாசலில் நின்று, "யார் பிள்ளை அழறது?" என்று கேட்டார்.

"நம்ம பிள்ளைதான்."

செருப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ஜன்னலுக்குப் பழைய செய்தித்தாள் ஒட்டினார். நான் கேட்கவில்லை, அவராகவே ஒட்டினார்.

இப்போது முதுகில் வைத்துக்கொண்டுதான் தைக்கிறேன். வேலை குறைகிறது என்று நாத்தனாருக்கு வருத்தம். வேறு அறை பார்க்கிறோம். ஒரு புட்டி முழுக்கக் குடிக்கிறான், இன்னொன்றுக்கு அழுகிறான். முன்பல் வந்திருக்கிறது, தோளில் கடிக்கிறான். அந்த வெள்ளைச் சட்டை கக்கத்தில் கிழிந்துவிட்டது. இன்னும் சிரிக்கவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை.

மாமா, உங்கள் கடைசிக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனிமேல் அப்படி எழுத வேண்டாம். அதைப் படிக்கும்போது உங்களைப் பார்க்கவே முடியவில்லை. சந்தையில் இதைச் சொல்லும்போது கழுகைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணக் கூட்டத்தையும் யாழ்க்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தையின் வாந்தியை விட்டுவிடுங்கள்.

ஊருக்கு வரும்போது கணவாயில் வண்டியை நிறுத்துங்கள். நானும் அவனும் இறங்குவோம்.

அத்தையிடம் சொல்லுங்கள்: பாவாடையை நேற்று துவைத்துக் காயப்போட்டேன்.

இப்படிக்கு,
தாமியான் அம்மா